மிஸ்டர் எடுத்த பொட்டலம்

செத்துப்போன ஒருவரிடம் பெண் கேட்டவர்கள் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்களோ தெரியாது. கேட்டதோடு நிற்காமல் பதிலும் வாங்கியவன் நான். அந்தப் பதிலை வாயில் கவ்விக்கொண்டு வந்து என் உள்ளங்கையில் போட்டது ஒரு நாய். அது போட்ட அந்தக் கணத்தில், கூடியிருந்தவர்கள் முன்னிலையில், நான் உதிர்த்த ஒரே ஒரு சொல்லை நினைத்தால், முடி பாதி கொட்டி மீதி நரைத்த இந்த வயதிலும் காது மடல் சூடாகிறது.

(கவிஞன் என்று சொல்லிக்கொண்டு திரிந்த காலம் அது. மழைக்கு, நிலாவுக்கு, கமலத்தின் கைக்கடிகாரத்துக்குக்கூடச் சொல் வைத்திருந்தேன். வேளை வந்தபோது வாயில் வந்தது அது ஒன்றுதான்.)

ஐம்பதுகள் முடியப்போகிற வருடங்கள். சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், வரிசைக் கடைவீடுகளில் ஒன்றின் மாடி முன்னறையில் குடியிருந்தேன். வீடு என்பதைவிட அதைக் குழாய் என்று சொல்லலாம். வாசலில் வெயில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். கொஞ்சம் உள்ளே வந்தால் அந்தி. இன்னும் உள்ளே போனால் கிணற்றுக்குள் இறங்குவதுபோல ஓர் ஈர இருட்டு. நடுக்கூடத்தின் கூரையில் மட்டும் ஒரு சதுரத்தைத் திறந்துவிட்டிருந்தார்கள். வானம் அந்த வழியாகத்தான் உள்ளே வந்துபோகும். மழை பெய்தால் வீட்டுக்குள்ளேயே பெய்யும். அந்தச் சதுரத்தை ஒட்டி, வாசலைப் பார்த்தபடி ஒரு பிரம்பு நாற்காலி.

அது சாமிக்கண்ணு மாமாவின் நாற்காலி. மாமா உயிரோடு இருந்தபோது அவரைத் தவிர யாரும் அதில் உட்கார்ந்ததில்லை. இறந்த பிறகு அவரும் உட்காரவில்லை என்றுதான் நான் நம்ப விரும்பினேன்.

மாமா என்கிறேனே தவிர, எனக்கு அவர் ஒட்டுமில்லை உறவுமில்லை. வீட்டுக்காரர். டாங்லின் பக்கம் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்துக்குக் கார் ஓட்டியவர். குடிவந்த அன்று அவர் மனைவியை 'பெரியம்மா' என்று கூப்பிட வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்து அவர்கள் மகள் கமலம், வெள்ளைத் தாதி உடுப்பில், கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டே ஆஸ்பத்திரி வேலைக்குப் புறப்பட்டு வெளியே வந்தாள். வந்த பெரியம்மாவை அப்படியே விழுங்கிவிட்டு, "அத்தை" என்றேன். (பெரியம்மா மகள் தங்கை. அத்தை மகள் வேறு கணக்கு. வாழ்க்கையில் நான் முன்யோசனையோடு செய்த காரியம் அது ஒன்றுதான்.)

அந்த வீட்டில் இன்னொரு ஜீவனும் இருந்தது. மாமாவின் வெள்ளைக்காரக் குடும்பம் ஊருக்குக் கப்பலேறியபோது, அவரிடம் விட்டுச்சென்ற நாய். உடம்பெல்லாம் கறுப்பு, ஒரு காது மட்டும் வெள்ளை. பேர் மிஸ்டர். சாயங்காலங்களில் மாமா நாற்காலியில் உட்காருவார், மிஸ்டர் எதிரே உட்காரும். அவர் அதை அதட்டியோ கொஞ்சியோ யாரும் கேட்டதில்லை. அவர் ஒரு விரலை அசைப்பார், அது தலையைச் சாய்க்கும். மாடிப்படியில் நின்று பார்த்தால், சத்தத்தை நிறுத்திவிட்டு இரண்டு பேர் பேசிக்கொண்டிருப்பதுபோல இருக்கும். எனக்கு அப்போதே முதுகு சிலிர்க்கும்.

ஒரு காலை, அந்தக் குடும்பம் போன பிறகு கிடைத்த வேறொரு டிரைவர் வேலைக்குப் புறப்பட்டு, ஷூ மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்த மாமா எழுந்திருக்கவேயில்லை.

காரியங்கள் முடிந்தன. வந்த சொந்தங்கள் திரும்பிப் போயின. மிஸ்டர் மட்டும் நாற்காலிக்கு அடியில் போய்ப் படுத்தது, படுத்ததுதான். சோற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. அத்தை தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் நாற்காலியின் கைப்பிடியில் ஒரு குவளை காப்பி கொண்டுவந்து வைப்பார். அது ஆறும். ஆறியதை எடுத்துப் போவார். கீழே இருட்டில் இரண்டு கண்கள் அந்தக் குவளை வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டிருக்கும்.

அப்படி ஒரு நாளில்தான் கமலம் முதல் தடவையாக என் அறை வாசலுக்கு வந்தாள். நான் எழுதிக்கொண்டிருந்த வரியை அவசரமாக மறைத்தேன். (அவளைப் பற்றியதுதான்.)

"மிஸ்டர் சாப்பிட மாட்டேங்குது. அதைப் பாத்துப் பாத்து அம்மாவும் சாப்பிடறதில்ல. எனக்கு டூட்டி மாறி மாறி வருது. நீங்க சாயங்காலம் வீட்லதானே இருக்கீங்க?"

"கவிதை எழுதறேன்."

"அதான் லா கேட்டேன். சும்மாதானே இருக்கீங்க?"

('லா' எங்கள் ஊர்ப் பேச்சில் வால்போல ஒட்டிக்கொள்ளும், தனியாகப் பொருள் கிடையாது.) நாய் என்றால் எனக்கு உயிர்ப்பயம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவளுடைய மேட்ரன் துரைசாணி நாய் வளர்க்கிறவளாம்; அவள் சொல்லித்தந்த வித்தையைக் கமலம், மருந்து கொடுக்கும் முறையைச் சொல்வதுபோல எனக்குச் சொன்னாள்.

"அடிக்கக் கூடாது. கத்தக் கூடாது. அது நல்லபடியா ஒண்ணு செஞ்சா, செஞ்ச அந்த செகண்டே வாய்க்கு ருசியா எதாச்சும் குடுத்து ஒரு நல்ல வார்த்தை சொல்லணும். லேட்டாச்சுன்னா அதுக்கு எதுக்குன்னே புரியாது. தப்பு செஞ்சா, பாக்காத மாதிரி இருந்துரணும். அப்புறம், சோத்தைத் தட்டுல வைக்காதீங்க. ஒளிச்சு வைங்க. தேடட்டும். மூளைக்கு வேல இல்லாட்டி மனுஷனே ஒரு மாதிரியாயிருவான், இது நாய்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது என் மேசைமேல் கிடந்த காகிதங்களை அவள் ஏன் பார்த்தாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

தேக்கா சந்தையில் நெத்திலிக் கருவாடு வாங்கினேன். சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அன்றிலிருந்து நான் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்த அச்சகத்தில் என் பக்கத்து நாற்காலி காலியானது. பூனைகள் மட்டும் என்னைப் பின்தொடர்ந்தன.

முதல் விளையாட்டு: பழைய கைலிச் சாரம் ஒன்றில் முடிச்சுகள் போட்டு, முடிச்சுக்குள் நெத்திலியை வைத்தேன். அவிழ்த்துத் தின்ன வேண்டியது மிஸ்டரின் பொறுப்பு. அது என்னைப் பார்த்தது. சாரத்தைப் பார்த்தது. கண்ணை மூடிக்கொண்டது. செய்துகாட்டினால் புரியும் என்று நினைத்து, தரையில் மண்டியிட்டு, நானே பல்லால் ஒரு முடிச்சை இழுத்துக்கொண்டிருந்தபோது அத்தை காப்பிக் குவளையோடு வந்துவிட்டார்.

"தம்பி, ஒடம்பு சரியில்லயா?"

வாயில் சாரத்தோடு என்ன பதில் சொல்வது? தலையை ஆட்டினேன். அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டு மிளகு ரசம் வைத்தார்.

நாட்கள் போயின. நாய் மெலிந்தது. நானும் மெலிந்தேன். (எனக்குக் காதல், அதற்குத் துக்கம்.) ஒரு மாலை கடும் மழை. வானச் சதுரத்தின் வழியே தண்ணீர் ஒரு வெள்ளைத் தூண்போல நடுக்கூடத்தில் நின்றது. அத்தை கடைக்குப் போயிருந்தார், கமலம் வேலையில். முழு வீட்டிலும் நான், நாற்காலி, அதற்கு அடியில் அது. தரையில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போயிருந்தது. யாரும் இல்லையே என்ற தைரியத்தில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

பிரம்பு முனகியது. அது எனக்காக முனகவில்லை, யாரோ எழுந்து இடம் விட்டதுபோல முனகியது. ஈரக்காற்றில் தொண்டை கட்டியிருந்தது. செருமினேன். சின்னதாக ஒன்று, நீளமாக ஒன்று.

நாற்காலிக்கு அடியில் நகம் கீறும் சத்தம்.

மிஸ்டர் வெளியே வந்தது. என் எதிரே, மாமாவுக்கு எதிரே உட்காரும் அதே இடத்தில் உட்கார்ந்தது. வலது முன்னங்காலைத் தூக்கி நீட்டியது. என்னிடம்தான் நீட்டியது; ஆனால் என்னைப் பார்க்கவில்லை. என் முகம் இருக்கும் உயரத்துக்குச் சற்று மேலே, நல்ல உயரமான ஒரு மனிதரின் முகம் இருக்கும் இடத்தைப் பார்த்தது.

மாமா என்னைவிட நல்ல உயரம்.

ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. அந்த நீட்டிய காலைப் பிடித்துக் குலுக்கினேன். 'அந்த செகண்டே' என்று கமலம் சொன்னது நினைவுக்கு வர, நெத்திலியை எடுத்து நீட்டி, "சபாஷ்" என்றேன். அது மெல்ல முகர்ந்து, மெல்ல வாங்கி, மென்று விழுங்கியது. மாமா போன பிறகு அது தின்ற முதல் கவளம். மழைச்சத்தத்துக்குள் அந்த மெல்லும் சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அழுதேனா என்று கேட்காதீர்கள்.

அதற்குப் பிறகு தினமும் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து நாற்காலியில் உட்கார ஆரம்பித்தேன். இறந்தவரின் பாஷை அந்த நாயின் உடம்புக்குள் இருந்தது. அகராதி கிடையாது. தட்டித் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கைப்பிடியில் விரலால் தட்டினால் வாசல் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தது. முழங்காலைத் தடவினால் தாடையைக் கொண்டுவந்து அங்கே வைத்தது. ஒரு தடவை ஈயை ஓட்டக் கையை வீசினேன். மூலையில் கிடந்த மாமாவின் பழைய செருப்பை எடுத்துவந்து என் காலடியில் வைத்துவிட்டு, போட்டுக்கொள்ளேன் என்பதுபோலப் பார்த்தது. நான் ஒவ்வொரு அசைவையும் பயந்து பயந்து செய்தேன். அடுத்து எதை அசைத்தால் எது வருமோ! (அந்த நாட்களில் மூக்கு அரித்தால்கூடச் சொறிய யோசிப்பேன்.)

ஒவ்வொன்றுக்கும் நெத்திலி, ஒவ்வொன்றுக்கும் சபாஷ். துக்கம் கொஞ்சம் கொஞ்சமாக விளையாட்டாக மாறியது. முடிச்சை அவிழ்க்கக் கற்றது. காலிப் பால் டின்னில் ஓட்டை போட்டு உள்ளே கடலையைப் போட்டுக் கொடுத்தேன். மூக்கால் உருட்டினால் ஒவ்வொன்றாக விழும். ஆனால் அதற்கு ரொம்பப் பிடித்தது பொட்டல விளையாட்டு. வாழையிலைத் துண்டுகளில் பொட்டலங்கள் கட்டி, ஒன்றில் மட்டும் நெத்திலி வைத்து, ஒரு தட்டில் பரப்பிவைப்பேன். அது ஒவ்வொன்றாக முகர்ந்து, சரியானதை நோகாமல் கவ்விவந்து என் உள்ளங்கையில் போட வேண்டும். போட்ட செகண்டே சபாஷ்! அத்தை மறுபடி சாப்பிட ஆரம்பித்தார். கமலம் மாடிப்படியில் உட்கார்ந்து அந்த ஆட்டத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். பிறகு நாயைப் பார்ப்பது குறைந்து என்னைப் பார்ப்பது கூடியது. இது என் கற்பனை இல்லை என்று அவளே ஒரு நாள், "என்ன, கேக்க மாட்டீங்களா?" என்று கேட்டு உறுதி செய்தாள்.

கேட்டேன். அத்தையிடம்.

"அவரு இருந்தா அவர்கிட்டக் கேட்டுருப்பேன் தம்பி," என்றார் அத்தை, நாற்காலியைப் பார்த்துக்கொண்டே. மறுப்பும் இல்லை, சம்மதமும் இல்லை. தலைத்திவசம் முடியட்டும் என்றார்.

இதற்கிடையே சந்தில் ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. மாடிப் பலகைத் தரையில் மிஸ்டர் டின் உருட்டும் சத்தம் கீழே கேட்பவர்களுக்கு வேறு மாதிரி கேட்டிருக்கிறது. டக்... டக்... கொஞ்சம் நிதானித்து... டக். தடியூன்றி ஒருவர் நடப்பதுபோல. அந்த வீட்டில் ஹந்து இருக்கிறது என்றார்கள். (பேய்க்கு எங்கள் சந்தில் மலாய்ப் பேர்தான், அதுதான் அதிகம் பயமுறுத்தும்.) நான் சிரித்தேன். அது டின், நாய், கடலை என்று எல்லோருக்கும் விளக்கினேன். பிறகு ஒரு மாலை மிஸ்டர் என் காலடியில் படுத்திருக்கும்போதே மாடியில் டின் உருண்டது. டக்... டக். மிஸ்டர் தலையைத் தூக்கி மேலே பார்த்துவிட்டு வாலை ஆட்டியது. விளக்கம் சொல்வதை அன்றோடு நிறுத்திக்கொண்டேன். மாடித் தரை சாய்வு, காற்றில் உருளும் என்றாள் கமலம். அவளுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் உண்டு. பிணவறை வரை போய்வருகிறவள்.

தலைத்திவசம் முடிந்ததும் ஜொகூரிலிருந்து அத்தையின் தம்பி மாணிக்கம், உட்லண்ட்ஸ் பாலம் தாண்டி பஸ் பிடித்து வந்திறங்கினார். வழுக்கைத் தலை, தங்கப் பல், கையில் எந்நேரமும் குடை. கமலத்துக்கு அங்கே ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ஒருவனைப் பார்த்துவைத்திருந்தார். சொந்தமாக மோட்டார் சைக்கிள் இருக்கிறதாம்.

"தம்பி என்ன வேல?"

"மெய்ப்புப் பார்க்கிறேன் சார்."

"அப்படின்னா?"

"அச்சாகறதுக்கு முன்னாடி தப்பெல்லாம் கண்டுபிடிக்கிறது."

"அதுக்குச் சம்பளம் வேறயா? எங்க வீட்ல ஓசியிலயே கண்டுபிடிக்கிறாங்க."

அக்காவுக்கும் தம்பிக்கும் சமையலறையில் நெடுநேரம் வாக்குவாதம். கமலம் நடுவில் ஒரே ஒரு தடவை, "எனக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது மாமா, நான் என்ன பண்றது அதை வச்சு?" என்றாள். அத்தை பழைய பல்லவியையே பாடினார்: அவர் இருந்தால் கேட்டிருப்பேன். கடைசியில் மாணிக்கம் குடையைத் தரையில் தட்டினார்.

"அப்ப மச்சான்கிட்டயே கேட்டுருவோம் அக்கா. பூக்கட்டிப் பாத்துருவோம். வெள்ளப் பூ வந்தா இந்தத் தம்பி. செவப்பு வந்தா ஜொகூரு. அதுக்கப்புறம் யாரும் வாயத் தொறக்கக் கூடாது. சரியா?"

சரி என்றார் அத்தை. கமலம் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். சிவப்பு வந்தால் மாடி அறையையும் காலி செய்ய வேண்டியிருக்கும் என்பது யாரும் சொல்லாமலே விளங்கியது.

அந்த வெள்ளிக்கிழமை மாலை மறுபடி மழை. வானச் சதுரத்தில் இருட்டு கட்டியிருந்தது. நாற்காலியில் மாமாவின் படத்தை வைத்து மாலை போட்டு, அதற்கு முன் குத்துவிளக்கு ஏற்றியிருந்தார்கள். விளக்கின் வெளிச்சம் ஏறி இறங்கும்போதெல்லாம் படத்திலிருந்த மாமா மூச்சு விடுவதுபோல இருந்தது. அத்தை ஒரு நந்தியாவட்டையையும் ஒரு செவ்வரளியையும் தனித்தனியே ஒரே மாதிரி வாழையிலைப் பொட்டலங்களாகக் கட்டி, தாம்பாளத்தில் வைத்தார். குலுக்கி, மாற்றி, எது எதுவென்று அவருக்கே தெரியாமல் ஆக்கினார். எடுத்துக் கொடுக்கப் பக்கத்து வீட்டுச் சிறுமி ஒருத்தியை அழைத்துவந்திருந்தார்கள். நான் குளித்து, புது வேட்டி கட்டி, வழக்கமான சட்டையையே மாட்டிக்கொண்டு, பூசாரியைப்போல நின்றேன். மிஸ்டரை மாடியில் என் அறையில் விட்டு, ஆட்டம் காட்டாதிருக்க டின்னையும் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

(வாழையிலை எங்கிருந்து வந்தது என்று அப்போது நான் யோசிக்கவில்லை. மாடிப்படி அடியில் நான் வைத்திருந்த கூடையிலிருந்துதான் அத்தை உருவியிருக்கிறார்.)

கற்பூரம் காட்டினார்கள். கண்ணை மூடினோம். தலைக்கு மேலே, டக்.

சிறுமி நிமிர்ந்து பார்த்தாள். டக்... டக்... மாணிக்கத்தின் குடை கையிலிருந்து நழுவியது.

"என்னக்கா அது?"

"அவருதான்," என்றார் அத்தை, சாதாரணமாக. "இந்த நேரத்துக்கு நடப்பாரு."

மாணிக்கம் வெளிறிப்போனார். நான் டின் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது பயத்தில் தொண்டை அடைத்த மாணிக்கம் செருமினார். சின்னதாக ஒன்று. நீளமாக ஒன்று.

மாடியில் சத்தம் நின்றது.

கதவுத் தாழ்ப்பாளை நான் போடவில்லை என்பது அந்த நிசப்தத்தில்தான் நினைவுக்கு வந்தது. படியில் நகச்சத்தம். ஒரு படி. ஒரு நிதானம். இன்னொரு படி. இருட்டிலிருந்து முதலில் அந்த ஒற்றை வெள்ளைக் காது மட்டும் தனியாக மிதந்து வந்தது. சிறுமி 'ஹந்து!' என்று வீறிட்டு, தாம்பாளத்தைத் தாண்டி வாசலுக்கு ஓடியே போய்விட்டாள்.

மிஸ்டர் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. நேராக நாற்காலியிடம் போனது. எதிரே உட்கார்ந்தது. படத்துக்கும் மேலே, உயரமான ஒரு முகம் இருக்கும் இடத்தைப் பார்த்தது. வலது முன்னங்காலைத் தூக்கி நீட்டியது.

நீட்டிய கால் அப்படியே நின்றது. பிடித்துக்கொள்ள ஆள் இல்லாத கால் எவ்வளவு நேரம் அந்தரத்தில் நிற்கும்? நின்றது. மழை கொட்டியது, கற்பூரம் அணைந்தது, அது நின்றது. பிறகு யாரோ மெல்ல விட்டதுபோலக் கீழே இறங்கியது.

"என்னங்க..." என்றார் அத்தை. எங்களிடம் இல்லை.

மிஸ்டர் தலையைச் சாய்த்துக் கொஞ்சம் கேட்டது. எழுந்தது. தாம்பாளத்திடம் போய் ஒரு பொட்டலத்தை முகர்ந்தது, மற்றதை முகர்ந்தது, மறுபடி முதலாவதிடம் வந்து அதைப் பல் படாமல் கவ்வியது. மூன்று பேரைத் தாண்டி என்னிடம் வந்தது. என் கை தானாக நீண்டது. அதில் பொட்டலத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் சொல்லவில்லை. என் வாய் சொன்னது.

"சபாஷ்!"

சொன்னதோடு நின்றதா? இன்னொரு கை தன் பாட்டில் சட்டைப்பைக்குள் போனது. சாம்பிராணியும் கற்பூரமும் மணந்த சந்நிதானத்தில், புது வேட்டி கட்டிய மாப்பிள்ளைக் கோலத்தில், ஒரு பிடி நெத்திலிக் கருவாட்டை எடுத்து நாய்க்கு ஊட்டினேன்.

மாணிக்கம் என் கையிலிருந்த பொட்டலத்தைப் பிடுங்கிப் பிரித்தார். செவ்வரளி.

"ஆண்டவா," என்றார் அவர். "மச்சான் வாயத் தொறந்து சொல்லிட்டாரு. வேணாம்னு சொல்லிட்டாரு." பிறகு என்னைப் பார்த்து அவருக்கு உயிர் வந்தது. "அதுக்கு இவன் சபாஷ்ங்கிறான் அக்கா! வேணாம்னதுக்குச் சபாஷ்! கருவாடு வேற! அதுவும் விளக்கு முன்னாடி!"

இலையில் கருவாட்டு வாசம் ஒட்டியிருந்திருக்கும் என்று இப்போது சொல்வது சுலபம். அன்று எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாமா சொல்லிவிட்டார் என்றே நம்பினேன். அவருடைய நாற்காலியில் திருட்டுத்தனமாக உட்கார்ந்தவன், அவருடைய சைகைகளைக் கடன் வாங்கியவன், அவருடைய நாய்க்கு மீன் ஊட்டி அவருடைய மகளைச் சம்பாதிக்கப் பார்த்தவன். அவர் இவ்வளவையும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்து, இன்றைக்கு ஒரே சொல்லில் தீர்த்துவிட்டார். கண்ணில் நீர் முட்டியது. கருவாட்டுக் கையால் துடைத்தேன். இன்னும் முட்டியது.

"நான் நாளைக்கே ரூமைக் காலி பண்ணிடறேன் அத்தை," என்றேன். மிஸ்டர் என் கையை நக்கிக்கொண்டிருந்தது.

"நில்லுங்க," என்றாள் கமலம்.

அதுவரை தூணோரம் கைகட்டி நின்றவள் விளக்குக்கு முன்னால் வந்தாள். கோபம் வந்தால் அவள் குரல் தாழ்ந்து தெளிவாகிவிடும். வார்டில் பெரிய டாக்டர்கள்கூட அந்தக் குரலுக்கு வழிவிடுவார்களாம்.

"மாமா, இப்ப என்ன நடந்துச்சு? தட்டுல ரெண்டு இருந்துச்சு. ஒண்ண எடுத்து வெளிய கொண்டாந்து போட்டுச்சு. அவ்ளோதானே?"

"எடுத்ததுதான் பதிலு. அதான் வழக்கம்."

"யாருக்கு வழக்கம்? நம்ம கேட்டது அப்பாகிட்ட." அவள் அத்தையிடம் திரும்பினாள். "அம்மா, நீங்க சொல்லுங்க. அப்பா தட்டுல இருந்து முதல்ல எதை எடுப்பாரு?"

அத்தை நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். மழைச்சத்தத்துக்கு மேல் அவர் குரல் மெல்ல எழுந்தது.

"கறிவேப்பில. காஞ்ச மொளகா. பாகக்கா." விரல் விட்டு எண்ணினார். "நான் எவ்ளோ பாத்துப் பாத்துப் பரிமாறினாலும், சோத்துல கை வைக்கிறதுக்கு முன்னாடி பிடிக்காததையெல்லாம் பொறுக்கி வெளிய எடுத்து வச்சிருவாரு. கல்யாணமான நாள்லேருந்து அதுக்கு நான் திட்டாத திட்டில்ல. அப்புறம் மிச்சமிருக்கிறத நிம்மதியா சாப்பிடுவாரு."

எல்லோரும் தாம்பாளத்தைப் பார்த்தோம். அதில் ஒரு பொட்டலம் இருந்தது.

"அக்கா, ரெண்டாவதப் பிரிக்கவே கூடாது!" மாணிக்கம் முன்னால் பாய்ந்தார். "முறைன்னு ஒண்ணு இருக்கு!"

"நாய் வந்து எடுக்கலாம்னு முறையில இருந்துச்சா மாமா?" என்றாள் கமலம்.

அத்தை குனிந்து பொட்டலத்தை எடுத்தார். வாழைநாரை அவிழ்க்க அவருக்கு நேரம் பிடித்தது. வெள்ளை நந்தியாவட்டை, இலைச்சூட்டில் கொஞ்சம் வாடி, அவர் உள்ளங்கையில் விரிந்தது. அவர் அதைப் பார்த்தார், மாமாவின் படத்தைப் பார்த்தார், கண்ணைக் கசக்கிக்கொண்டு கருவாட்டு மூஞ்சியோடு நின்ற என்னைப் பார்த்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துக் கமலம் ஓடிப்போய்ப் பிடித்தாள். அழவில்லை. சிரித்தார். மாமா போன பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

"கடைசி வரைக்கும் இந்தப் பழக்கம் போவல பாரு இந்த மனுஷனுக்கு!"

அப்போது பிரம்பு நாற்காலி நீளமாக ஒரு முனகு முனகியது. ஈரத்தில் பிரம்பு அப்படித்தான் இளகும் என்று கமலம் பிற்பாடு சொன்னாள். அந்த நேரத்தில் அவளும் ஒன்றும் சொல்லவில்லை. மாணிக்கம் குடையைப் பொறுக்கிக்கொண்டு, "பஸ் போயிரும் லா அக்கா," என்று மழையில் இறங்கினார். குடையை விரிக்க மறந்துபோய்விட்டார். (கல்யாணத்துக்கு வந்தார். நாற்காலி இருந்த பக்கம் திரும்பாமலே சாப்பிட்டார்.)

இருபது வருடத்துக்குமேல் ஆகிறது. நாங்கள் இப்போது அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். போன மாதம் எங்கள் மகள் தன்னோடு படிக்கும் ஒரு பையனை வீட்டுக்கு அழைத்துவந்தாள். என்ன பேசுவது என்று தெரியாமல் நெளிந்துகொண்டிருந்த அவன், மரியாதைக்காக என்னிடம் கேட்டான்: "அங்கிள், நீங்களும் ஆன்ட்டியும் லவ் மேரேஜா, இல்ல பெரியவங்க பாத்து வச்சதா?"

நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, கவித்துவமாக ஒரு பதிலுக்குத் தயாரானேன். என் மகள் அதற்குள் சோபாவில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். சமையலறையிலிருந்து கமலத்தின் குரல் வந்தது.

"ரெண்டும் இல்ல லா தம்பி. மிச்சம்."